மண்சட்டியில் உண்ட மந்திரி – க்வாஜா மஹ்மூது காவான் (ரஹ்)

குல்பர்காவில் அடங்கியிருக்கும் ஹஜ்ரத் பந்தே நவாஸ் கேசுதராஸ் (ரஹ்) அவர்களின் ஜியாரத்துக்காக நம் பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பேர் சென்று வருகிறார்கள். அங்கிருந்து வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் பீதர் என்னும் பழைய நகரம் இருக்கிறது. அதுவரை போய் வருபவர்கள் மிகக் குறைவு. அந்நகரின் நடுவே பாதி இடிந்தும் பாதி நிமிர்ந்தும் நிற்கும் ஒரு மதரஸாவையும், ஊருக்கு வெளியே ஆடம்பரம் ஏதுமின்றிக் கிடக்கும் ஒரு கப்ரையும் காண வேண்டும். இரண்டும் ஒரே மனிதருக்கு உரியவை.

அவர்களைச் சரித்திரப் புத்தகங்கள் பாமனி சுல்தான்களின் பிரதம மந்திரி என்று நாலு வரியில் முடித்துவிடுகின்றன. நாட்டை எட்டு மாகாணங்களாகப் பிரித்தார், கோவாவைப் பிடித்தார், சூழ்ச்சியால் கொல்லப்பட்டார் என்பதோடு பாடம் முடிந்துவிடும். பரீட்சைக்கு அது போதும். அம்மந்திரி இரவில் எதன்மீது படுத்தார்கள், யாருடைய காசில் சாப்பிட்டார்கள், வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கே போனார்கள் என்பவை பரீட்சையில் வருவதில்லை. எனக்கு அவைதாம் பெரிதாகத் தெரிகின்றன.

க்வாஜா அவர்கள் 1411-ஆம் ஆண்டில் பாரசீகத்தின் வடகரையிலுள்ள கீலான் நாட்டில், காவான் என்னும் ஊரில் பிறந்தார்கள். முன்னோர் அந்நாட்டு அரசர்களிடம் மந்திரிகளாக இருந்தவர்கள். அரண்மனையில் பகைமை மூண்டதால் க்வாஜா அவர்கள் சொந்த மண்ணை விட்டு வெளியேற நேர்ந்தது. குராஸானிலும் இராக்கிலும் மந்திரி பதவி தருவதாக அழைப்புகள் வந்தும் அவற்றை ஏற்கவில்லை. பதவியால் வந்த துன்பத்தைச் சொந்தக் குடும்பத்திலேயே கண்டிருந்தபடியால், வியாபாரத்தைத் தேர்ந்துகொண்டார்கள். சரக்கோடு ஊர் ஊராகச் செல்வதும், சென்ற இடமெல்லாம் ஆலிம்களையும் ஷைகுமார்களையும் தேடிப்போய் அமர்ந்து இல்மு கற்பதுமாக இளமை கழிந்தது. கணிதத்திலும் கவிதையிலும் கடிதக் கலையிலும் அவர்கள் பெற்ற புலமையெல்லாம் இப்படிச் சேர்த்தது.

1453-ஆம் ஆண்டில், நாற்பதைக் கடந்த வயதில், கொங்கணக் கரையிலுள்ள தாபோல் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சரக்கை விற்பது ஒரு நோக்கம். பீதரில் இருந்த ஷா முஹிப்புல்லாஹ் (ரஹ்) அவர்களையும் ஏனைய பெரியார்களையும் சந்திப்பது மற்றொரு நோக்கம். அதை முடித்துக்கொண்டு டில்லிக்குப் போவதாகத்தான் எண்ணம். சுல்தான் அலாவுத்தீன் அஹ்மது இந்த வியாபாரியின் அறிவையும் நடத்தையையும் கண்டு விடவில்லை. ஆயிரம் குதிரைவீரர்களுக்குத் தலைவராக்கித் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். எந்தப் பதவியை வேண்டாமென்று நாடு விட்டு நாடு வந்தார்களோ, அந்தப் பதவி இங்கே வாசலில் காத்திருந்தது.

அதன்பின் அவர்கள் நான்கு சுல்தான்களைக் கண்டுவிட்டார்கள். ஹுமாயூன் ஷா கொடுமைக்குப் பெயர் பெற்றவர். அவர் க்வாஜா அவர்களுக்கு மலிக்குத் துஜ்ஜார், அதாவது வணிகர் கோமான், என்ற பட்டத்தை அளித்தார். 1461-இல் அவர் இறந்தபோது மகன் நிஜாம் ஷாவுக்கு எட்டு வயது. இரண்டே ஆண்டில் அப்பிள்ளையும் மௌத்தாகிவிட, தம்பி மூன்றாம் முஹம்மது ஷா சிறுவனாகவே அரியணை ஏறினார். தாயார் மக்தூமயே ஜஹான் அவர்களோடு சேர்ந்து, பகைவர் படைகளிலிருந்து அந்த ராஜ்யத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களில் க்வாஜா அவர்கள் முதன்மையானவர்கள். 1466-க்குப் பிறகு க்வாஜா ஜஹான் என்னும் பட்டத்தோடு நாட்டின் முழு நிர்வாகமும் அவர்கள் கைக்கு வந்தது.

அக்காலத்தில் ரஷ்யாவிலிருந்து அபனாஸி நிகிதீன் என்றொரு வியாபாரி பீதருக்கு வந்தார். தாம் கண்டதையெல்லாம் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். பிரபுக்கள் சுகபோகத்தில் திளைக்கிறார்கள், கிராமத்து ஜனங்கள் வறுமையில் வாடுகிறார்கள் என்று அவர் எழுதியது நமக்கு வெட்கம் தருவதுதான். மறைக்க வேண்டியதில்லை. அவரே மலிக்குத் துஜ்ஜாரின் மாளிகையைப் பற்றியும் எழுதுகிறார். தினமும் 500 பேர் அங்கே சாப்பிடுகிறார்கள், லாயத்தில் 2,000 குதிரைகள் நிற்கின்றன என்கிறார். படித்தால் இவரும் அந்தப் பிரபுக்களில் ஒருவர்தானே என்று தோன்றும். வாசலில் நின்று பார்த்தவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உள்ளே நடந்ததை, பின்னால் தக்காணத்தின் சரித்திரத்தை எழுதிய பிரிஷ்தா பதிவு செய்திருக்கிறார். அந்த 500 பேருக்கும் விருந்து நடக்கும் வீட்டின் எஜமானர் மண்சட்டியில் ஆக்கிய உணவை மண்கலத்தில் உண்டார்கள். வெறுந்தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். அந்த எளிய உணவுக்கான காசுகூட அரசாங்கத்துக் காசு அல்ல.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். கீலானிலிருந்து வரும்போது க்வாஜா அவர்கள் 40,000 லாரி முதல் கொண்டுவந்திருந்தார்கள். லாரி என்பது வெள்ளிக் கம்பியை வளைத்துச் செய்த நாணயம். பிற்காலத்தில் இலங்கைக் கரைகளிலும் அது தாராளமாகப் புழங்கியது. மந்திரியான பிறகும் அந்த முதலை வியாபாரத்திலிருந்து எடுக்கவில்லை. ஆட்களை வைத்துச் சரக்குகளைக் கொள்முதல் செய்து விற்று வந்தார்கள். அதில் வரும் லாபத்திலிருந்து தம் உணவுக்கும் உடைக்கும் அன்றாடம் ஒரு சிறு தொகையை எடுத்துக்கொள்வார்கள். மீதம் கீலானிலிருந்த தாயாருக்கும், உறவினருக்கும், ஆதரவற்ற நல்லடியார்களுக்கும் போகும். ஜாகீர் நிலங்களிலிருந்து வந்த பெரும் வருமானமோ படைவீரர் சம்பளத்துக்கும், குதிரை, யானைத் தீனிக்கும், விருந்தாளிகளுக்கும் செலவாயிற்று.

ஆகவே அவர்கள் வீட்டில் இரண்டு கஜானாக்கள் இருந்தன. ஒன்றுக்கு அரசரின் கஜானா என்று பெயர். மற்றொன்றுக்கு ஏழைகளின் கஜானா என்று பெயர். ஒன்றின் காசு மற்றொன்றில் கலக்காது.

ஹஜ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் கலீபாவான மறுநாளும் துணி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். எட்டரை நூற்றாண்டுக்குப் பிறகு, யானை கட்டி வாழும் ஒரு மந்திரி அதே கவலையோடு தம் உலைச்சட்டியைத் தனியே வைத்துக்கொண்டிருந்தார்கள். பொது நிதியைக் கையில் வைத்திருப்பவர் தம் வீட்டுக் கணக்கைத் தனியாக வைப்பதில் உள்ள சிரமம், மஹல்லா ஜமாஅத்தில் ஒரு வருடம் பொருளாளராக இருந்தவருக்கே நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் க்வாஜா அவர்கள் ஆடை மாற்றிக்கொண்டு, யாரும் அடையாளம் காணாதபடி நகரின் தெருக்களில் செல்வார்கள். ஏழைகளின் கஜானாவிலிருந்து எடுத்த காசை வீடு வீடாகக் கொடுப்பார்கள். வாங்குபவர்களிடம் தம் பெயரைச் சொல்லமாட்டார்கள். இது சுல்தானின் தர்மம், அவருக்காக துஆச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுக்க வேண்டும் என்பது நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய நபிமொழி. கொடுப்பவர் தம் பெயரை மறைப்பது ஒரு படி. கிடைக்கும் துஆவையும் வேறொருவர் பக்கம் திருப்பிவிடுவது அதற்கும் மேலே. அதுவும் யாருக்கு? பின்னொரு நாள் தம் தலையை வாங்கப்போகிறவருக்கு.

ஓய்வு நேரமெல்லாம் கிதாபுகளோடுதான் கழிந்தது. அவர்களுடைய நூலகத்தில் 3,000 கிதாபுகள் இருந்தன. அச்சு இயந்திரம் இந்நாட்டை எட்டிப் பாராத காலம் அது. ஒவ்வொன்றும் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் எழுதியது. கடிதம் எழுதும் கலையைப் பற்றி மனாழிருல் இன்ஷா என்று பாரசீகத்தில் ஒரு நூல் இயற்றினார்கள். அவர்களுடைய கடிதங்கள் ரியாழுல் இன்ஷா என்ற பெயரில் தொகுக்கப்பட்டு இன்றும் கிடைக்கின்றன. கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற உதுமானிய சுல்தான் முஹம்மது அவர்களுக்கு எழுதியவை அதில் உண்டு. ஹிராத்தில் இருந்த மௌலானா ஜாமி (ரஹ்) அவர்களுக்கு எழுதியவையும் உண்டு. கொங்கணத்துக் காடுகளில் மழையிலும் சேற்றிலும் பாசறை அடித்திருந்தபோது எழுதியவையும் உண்டு. ஜாமி (ரஹ்) அவர்களைத் தக்காணத்துக்கு வரும்படி வேண்டி அழைத்தார்கள். அப்பெரியார் வரவில்லையாயினும் கடிதத் தொடர்பு நீடித்தது. தம் மக்களுக்கு எழுதிய கடிதங்களில் நாட்டின் பெரிய மந்திரியைக் காணமுடியாது. பிள்ளைகள் எப்படிப் போகிறார்களோ என்று தவிக்கும் ஒரு தகப்பனைத்தான் காண்கிறோம்.

இந்த இல்மு ஆசையின் பெரிய விளைவுதான் பீதர் மதரஸா. மூன்று அடுக்குக் கட்டடம். நீளம் 205 அடி, அகலம் 180 அடி. முகப்பின் இரு முனைகளிலும் உயர்ந்த மினாராக்கள். சுவரெங்கும் பாரசீக முறையில் நீலமும் பச்சையும் மஞ்சளுமான மெருகு ஓடுகள் பதித்து, அவற்றில் குர்ஆன் வசனங்கள் எழுதப்பட்டன. உஸ்தாதுமார்களுக்கும் மாணவர்களுக்கும் தனித்தனி அறைகள், தொழும் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளே. ஓத வருபவர்களுக்குச் சாப்பாடும் துணிமணியும் இலவசம்.

கட்டி முடித்த ஆண்டைக் குறிப்பதற்கு அக்காலப் புலவர் ஒருவர் கண்டுபிடித்த வழியை ஓதியவர்கள் ரசிப்பார்கள். இப்ராஹீம் (அலை) அவர்களும் இஸ்மாயீல் (அலை) அவர்களும் கஃபாவின் சுவரை எழுப்பும்போது, தங்கள் பணியை ஏற்றுக்கொள்ளும்படி ரப்பிடம் கேட்ட துஆ சூரத்துல் பகராவில் இருக்கிறதல்லவா? அதன் முதல் மூன்று சொற்களை அப்ஜது முறைப்படி எண்ணிப் பாருங்கள். முதல் சொல்லுக்கு 253, இரண்டாவதற்கு 532, மூன்றாவதற்கு 91. கூட்டினால் 876. ஹிஜ்ரி 876, அதாவது 1472-ஐ ஒட்டிய காலம், மதரஸா முடிந்த ஆண்டு.

அதே ஹிஜ்ரி ஆண்டில்தான் கோவாவும் அவர்கள் வசமாயிற்று. கொங்கணக் கரையில் வணிகக் கப்பல்களை வழிமறித்துக்கொண்டிருந்த தலைவர்களோடு மூன்று ஆண்டுகள் போராடி, 1472 பிப்ரவரி முதல் தேதி கோவாவைப் பிடித்தார்கள். வெற்றியோடு பீதர் திரும்பியபோது சுல்தானே அவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் விருந்தாளியாகத் தங்கினார். சுல்தானின் தாயார் அவர்களைச் சகோதரர் என்று அழைத்தார். அரசருக்கு மட்டுமே உரிய உடைகளும் அவர்களுக்குப் போர்த்தப்பட்டன. ஒரு குடிமகன் இதற்குமேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

சுல்தான் விடைபெற்றுப் போன பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். க்வாஜா அவர்கள் தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த உயர்ந்த உடைகளைக் கழற்றி எறிந்தார்கள். தரையில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதார்கள். பிறகு பக்கீர்களின் உடையை உடுத்திக்கொண்டு வெளியே வந்து, நகரத்து ஆலிம்களையும் ஸய்யிதுமார்களையும் ஏழைகளையும் அழைத்து, வீட்டிலிருந்த பணம், நகை, பண்டம் அனைத்தையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். மூன்றை மட்டும் கொடுக்கவில்லை. கிதாபுகள், யானைகள், குதிரைகள். கிதாபுகள் மாணவர்களுடையவை, யானையும் குதிரையும் சுல்தானுடையவை, தம்முடையதல்லாததைத் தாம் எப்படி தர்மம் செய்வது என்பது அவர்களுடைய நியாயம்.

அங்கிருந்த ஆலிம் ஒருவர் காரணம் கேட்டபோது, மறைக்காமல் சொன்னார்கள். சுல்தான் வந்து தங்கியதும், ராஜமாதா சகோதரர் என்று அழைத்ததும் தம் நப்ஸைக் கிளறிவிட்டதாம். பெருமை தலைக்கேறி, சுல்தான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பதில் சொல்ல முடியாத அளவுக்கு உள்ளம் தடுமாறிவிட்டதாம். என்ன செய்கிறது என்று கேட்ட சுல்தானிடம் நெஞ்சுவலி என்று சொல்லிச் சமாளித்தார்களாம். அந்த நோய்க்குத்தான் இந்த மருந்து.

நினைத்துப் பாருங்கள். அந்தப் பெருமை வெளியே தெரியவில்லை. ஒரு சொல்லாகவும் வரவில்லை. யாருக்கும் அதனால் தீங்கும் இல்லை. உள்ளே ஒரு கணம் எழுந்து அடங்கிய ஒன்று. அதற்காக வீட்டையே காலி செய்தார்கள். நாமானால், மேடையில் ஒரு பொன்னாடை போர்த்தினால் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். இதை எழுதுகிறவனும் அதற்கு விலக்கல்ல.

அன்றிலிருந்து அவர்கள் உடையும் பழக்கமும் இன்னும் எளிமையாயின. அலுவல் முடிந்ததும் பள்ளியிலும் மதரஸாவிலும்தான் அவர்களைக் காணலாம் என்றாயிற்று.

நிர்வாகத்திலோ அவர்கள் இளகியவர்கள் அல்லர். நான்காக இருந்த மாகாணங்களை எட்டாக்கினார்கள். மாகாண அதிபதிகள் தங்களுக்கென ஒரு கோட்டைக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்றார்கள். மற்ற கோட்டைகளுக்கு நேரே தலைநகரிலிருந்தே ஆள் நியமனம். வீரர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிச் சம்பளம் வாங்கியவர்களுக்கு, இல்லாத ஆளின் பணம் பிடிக்கப்பட்டது. நிலங்களை அளக்கச் செய்தார்கள். உள்ளூர்த் தக்கணியர், வெளிநாட்டிலிருந்து வந்த ஆபாக்கியர் என்று இரு கட்சிகள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டிருந்த அரசவையில், தாம் வெளிநாட்டவராக இருந்தும் இரு சாராருக்கும் பதவிகளைச் சமமாகப் பகிர்ந்தார்கள். பலரின் வருமானத்தில் கைவைத்தாயிற்று. பகைமைக்கு இதைவிட என்ன வேண்டும்?

1481-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுல்தான் கிழக்குக் கரையில் படையெடுத்திருந்தார். மார்ச்சு மாதம் ஒரு குதிரைப்படையோடு நம் காஞ்சிபுரம் வரை பாய்ந்து வந்து, அங்குள்ள கோயில்களின் செல்வத்தை வாரிச் சென்றார். செல்வத்தின் மீதுள்ள ஆசையால் அரசர்கள் செய்த இத்தகைய கொள்ளைக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டி எவரும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. அந்தப் போர்க்காலத்தில்தான் பாசறையில் சதி உருவாயிற்று.

க்வாஜா அவர்களின் முத்திரையைக் காக்கும் ஊழியன் ஒருவன் இருந்தான். சதிகாரர்கள் அவனோடு நட்புப் பூண்டு, பரிசுகள் கொடுத்து, ஒருநாள் மது ஊற்றிக் கொடுத்தார்கள். போதை ஏறியதும் மடித்த வெற்றுத் தாள் ஒன்றை நீட்டினார்கள். யாரோ நண்பரின் கணக்குச் சீட்டு, எல்லா முத்திரையும் விழுந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி என்றார்கள். அவன் பிரித்துப் பார்க்காமல் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டான். அந்தத் தாளில், ஒரிசா மன்னரை இந்நாட்டின்மீது படையெடுத்து வரும்படி க்வாஜா அவர்கள் அழைப்பதாக எழுதிச் சுல்தானிடம் சேர்த்தார்கள். சேர்த்த நேரத்தில் சுல்தானும் குடித்திருந்தார். மது பாவங்களுக்கெல்லாம் தாய் என்று நம் பெரியார்கள் சொன்னதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? ஒரு குடிகாரன் முத்திரை குத்தினான், மற்றொரு குடிகாரர் தீர்ப்புச் சொன்னார்.

அழைப்பு வந்தபோதே க்வாஜா அவர்களின் நண்பர்களுக்கு ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிட்டது. தம் சொந்தக் குதிரைவீரர்களோடு குஜராத்துக்குப் போய்விடும்படி வற்புறுத்தினார்கள். அவர்கள் இணங்கவில்லை. இத்தனை காலம் உண்மையாக உழைத்த தம்மை விசாரியாமல் எஜமானர் தண்டிக்கமாட்டார் என்று நம்பினார்கள். ஓடினால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்றும் எண்ணியிருக்கலாம்.

சுல்தான் கேட்டது ஒரே கேள்வி. எஜமானருக்குத் துரோகம் செய்தவனுக்கு என்ன தண்டனை? வாள்தான் என்று க்வாஜா அவர்கள் சொன்னார்கள். கடிதம் நீட்டப்பட்டது. முத்திரை தம்முடையது, எழுத்தைத் தாம் அறியமாட்டோம் என்றார்கள். சுல்தான் மேற்கொண்டு கேளாமல், ஜவ்ஹர் என்ற அடிமைக்குச் சைகை காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். எழுபது வயதான க்வாஜா அவர்கள், இந்தக் கிழவனின் உயிர் போவது பெரிதல்ல, இதனால் உங்கள் ராஜ்யம் போய்விடும் என்ற கருத்துப்பட ஒரு வார்த்தை சொன்னார்கள். பிறகு கிப்லாவை நோக்கி மண்டியிட்டுக் கலிமாவை மொழிந்தார்கள். வாள் விழுந்தது. அது ஹிஜ்ரி 886 ஸபர் பிறை 5, அதாவது 1481 ஏப்ரல் 5. இடம் கிருஷ்ணா நதியை அடுத்த கொண்டபள்ளி. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

பெரும் புதையல் கிடைக்குமென்று எண்ணிய சுல்தான், க்வாஜா அவர்களின் கஜானாதாரர் நிஜாமுத்தீன் ஹஸன் கீலானியை அழைத்து அதட்டினார். அப்போதுதான் இரு கஜானாக்களின் கணக்கும் வெளியே வந்தது. அரசரின் கஜானாவில் வீரர்களின் செலவுக்கென ஒரு தொகை இருந்தது. ஏழைகளின் கஜானாவில் முத்திரையிட்ட ஒரு பையில் 300 லாரி இருந்தது. நாற்பதாயிரம் முதலோடு வந்தவரிடம் இவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான். இதற்குமேல் ஒரு காசு கண்டுபிடித்தால் தம் உயிரை எடுத்துக்கொள்ளலாம் என்றார் அவர். விரிப்புகளைக் காப்பவர், பாயையும் மதரஸாவின் ஜமுக்காளங்களையும் கணக்குச் சொன்னார். சமையற்காரர் மண்சட்டியைப் பற்றிச் சொன்னார். நூலகர், 3,000 கிதாபுகளும் மாணவர்களுக்கென விடப்பட்டவை என்றார்.

சதி வெளிப்பட்டது. சுல்தான் அழுதார், ஜனாஸாவை மரியாதையோடு பீதருக்கு அனுப்பி வைத்தார். ஆனால் க்வாஜா அவர்களை நம்பியிருந்த தளபதிகள் இனி சுல்தானின் பாசறைக்கு அருகே கூடாரம் அடிக்கவும் மறுத்துவிட்டார்கள். ஓராண்டு முடிவதற்குள், 1482 மார்ச்சில், குடியிலும் துக்கத்திலும் சுல்தான் இறந்தார். வயது முப்பதைத் தொடவில்லை. உயிர் பிரியும் வேளையில், க்வாஜா தம்மைக் கொல்கிறார் என்று அலறியதாக எழுதியிருக்கிறார்கள். 1490-இல் பீஜாப்பூரும் அஹ்மத்நகரும் பீராரும் தனித்தனியே பிரிந்தன. பாமனி சுல்தான்கள் என்பது அதன்பின் பெயரளவில்தான்.

மதரஸாவில் பாடம் அதற்குப் பின்னும் நெடுங்காலம் நடந்தது. ஔரங்கஜேப் பீதரைப் பிடித்த பிறகு அதன் அறைகளில் படைவீரர்களைத் தங்கவைத்து, வெடிமருந்தும் சேமித்தார்கள். 1696-இல் அம்மருந்து வெடித்து முகப்பின் ஒரு பகுதியும் ஒரு மினாராவும் சரிந்தன. மற்றொரு மினாரா நிற்கிறது. ஓடுகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. உதிராத இடங்களில் நீலம் இன்னும் மங்கவில்லை. குல்பர்காவுக்குப் போகிறவர்கள் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு அங்கேயும் சென்று, ஊருக்கு வெளியே திறந்த மேடையில் இருக்கும் அந்தக் கப்ரின் அருகே ஒரு பாத்திஹா ஓதி வாருங்கள்.